வாழைக் கப்பலில் வந்த விடுமுறை

1838ஆம் ஆண்டு, மேற்கிந்தியத் தீவுகளில் நிறுத்தியிருந்த தன் சிப்பாய்களின் சாவுக் கணக்கைப் பிரிட்டிஷ் ராணுவம் தொகுத்து நாடாளுமன்றத்தின் முன் வைத்தது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் ஜமைக்காவுக்கு அனுப்பப்பட்ட வெள்ளைச் சிப்பாய்களில், ஆயிரம் பேருக்கு ஆண்டுதோறும் நூறு பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது காய்ச்சல். ஊரிலேயே இருந்த சிப்பாய்களில் அந்தக் கணக்கு ஆயிரத்துக்கு இருபதைக்கூட எட்டவில்லை. மூன்றாண்டு கழித்து, 1841ல், படைத் தலைமையில் இருந்த வில்லியம் காம் ஜமைக்காவின் நீலமலைச் சரிவில் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் நியூகாசில் என்ற முகாமைக் கட்டி, மஞ்சள் காய்ச்சலிலிருந்து தப்பிக்கச் சிப்பாய்களை அங்கே ஏற்றினார். அன்றைய ஐரோப்பியருக்குக் கரீபியன் கடலோரம் என்றால் சாவு என்று பொருள். பிழைக்க வேண்டுமானால் மலைக்குப் போக வேண்டும். ஆனால் எழுபது ஆண்டுகூட ஆவதற்குள் நியூயார்க், பாஸ்டன், பிரிஸ்டல் நகரங்களிலிருந்து வசதி படைத்தவர்கள் அதே கடலோரத்துக்குப் பணம் கொடுத்து, உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்து இறங்கினார்கள். வெயில் அதே வெயில், கடல் அதே கடல். இடையில் மாறியது எது என்பதுதான் இங்கே ஆராய வேண்டிய கேள்வி.

நான் முன்வைக்கும் வாதம் இது: வெப்பமண்டலத் தீவில் விடுமுறை என்ற பழக்கம், அழகான இடம் இருந்தது, மனிதர் அதைக் கண்டு ரசிக்கப் போனார்கள் என்ற எளிய வழியில் பிறந்ததில்லை. சர்க்கரைத் தொழில் சரிந்த இடத்தில் பழ வணிகம் வேரூன்றியது. பழக் கப்பலின் காலி அறைகளை நிரப்பப் பயணிகள் தேடப்பட்டார்கள். பயணிகள் தங்கப் பழக் கம்பெனியே விடுதி நடத்தியது. பிறகு பழமும் சரிந்தபோது விடுதி மட்டும் நின்றது. தோட்டம் விட்டுப்போன நிலத்தின்மேல், தோட்டம் அமைத்த துறைமுகத்தையும் ரயிலையும் கூலி முறையையும் கொண்டு இந்தத் தொழில் எழுந்தது. இன்று கரீபியன் பயணத்துக்குத் திட்டமிடும் ஒருவர் எந்த மாதம் போவது, எந்தக் கரையில் தங்குவது, சுற்றுச்சுவர் போட்ட விடுதியா ஊருக்குள் ஓர் அறையா என்று யோசிக்கிறார். அவர் முன் வந்து நிற்கும் வாய்ப்புகள் இந்த வரலாற்றில் வார்க்கப்பட்டவை. ஜமைக்காவை எடுத்துக்கொள்கிறேன், இந்தத் தொடர்ச்சி அங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

இதற்கு முதல் மறுப்பு உடனே எழும். அழகு முன்பே இருந்தது, அதை ரசித்தவர்களும் முன்பே இருந்தார்கள் என்பார்கள். உண்மைதான். 1751ல் பத்தொன்பது வயது ஜார்ஜ் வாஷிங்டன், காசநோயால் வாடிய அண்ணன் லாரன்ஸுடன் பார்படோஸுக்குக் கப்பலேறினார். வெப்பக் காற்று நுரையீரலைத் தேற்றும் என்ற நம்பிக்கை. அண்ணனுக்குக் குணமாகவில்லை, தம்பிக்கு அங்கே பெரியம்மை கண்டது. ஜமைக்காவில் தோட்டம் வைத்திருந்த வில்லியம் பெக்ஃபோர்ட் 1790ல் அந்தத் தீவின் மலைகளையும் அருவிகளையும் ஓவியனின் கண்ணோடு வருணித்து இரண்டு தொகுதி நூலே எழுதினார். ஆனால் பெக்ஃபோர்ட் அங்கே தோட்ட முதலாளியாக வாழ்ந்தவர். வாஷிங்டன் சகோதரர்கள் வேறு வழியின்றிப் போனவர்கள். இவர்களைப் போன்றோர் நூறாண்டு காலம் தனித்தனியே போய்வந்தும் ஒரு தொழில் உருவாகவில்லை. அழகு மட்டுமே ஆட்களை இழுத்துவரப் போதுமானதாக இருந்தால் 1790லேயே இழுத்திருக்க வேண்டும். நேரம் தவறாத கப்பலும், கட்டணம் கட்டுப்படியாகும் அறையும், காய்ச்சல் பயம் தீர்ந்த மனமும் சேரும்வரை அழகு காத்துக் கிடந்தது.

சர்க்கரை விழுந்த கதையை விரிக்க வேண்டியதில்லை. 1834ல் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது, 1838ல் முழு விடுதலை வந்தது. 1846ல் பிரிட்டன் தன் காலனிச் சர்க்கரைக்குத் தந்த வரிச் சலுகையைக் கைவிடத் தொடங்கியதும் ஜமைக்காவின் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதரேறின. விடுதலை பெற்றவர்கள் மலைச்சரிவில் துண்டு நிலம் வாங்கி, வள்ளிக்கிழங்கும் வாழையும் வைத்தார்கள். அந்த வாழையில் ஒரு வகை, பருத்த காயும் தடித்த தோலும் கொண்ட க்ரோ மிஷேல். ழான் புயா என்பவர் 1835 வாக்கில் மார்ட்டினிக்கிலிருந்து கொண்டுவந்து நட்டது. 1870ல் மாசசூசெட்ஸின் வெல்ஃப்ளீட் ஊரைச் சேர்ந்த லொரென்சோ டவ் பேக்கர் என்ற கப்பல் தலைவன் தன் டெலிகிராஃப் என்ற பாய்மரக் கப்பலில் இந்த வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு நியூஜெர்சிக்கு ஓடினான். பழுக்கும் முன் கரை சேர்ந்துவிட்டான். வாங்கிய விலைக்குப் பல மடங்கு கிடைத்தது. 1885ல் பேக்கரும் ஆண்ட்ரூ பிரஸ்டனும் சேர்ந்து பாஸ்டன் ஃப்ரூட் கம்பெனியை நிறுவினார்கள். 1899ல் அது யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியாக விரிந்தது. வாழையைச் சில்லறை விவசாயம் என்று ஒதுக்கியிருந்த பெருந்தோட்டக்காரர்களும் பிறகு அதற்கே திரும்பினார்கள். அதற்கு ஆள் போதாமல், 1845ல் தொடங்கிய இந்திய ஒப்பந்தக் கூலி முறையின்கீழ் வந்தவர்கள் வாழைத் தோட்டங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். 1917ல் அந்த முறை நிற்கும்வரை ஜமைக்காவுக்கு வந்த இந்தியர் சுமார் 36,000 பேர். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய வட இந்தியர், ஒரு பகுதியினர் சென்னையில் ஏறியவர்கள்.

தீவின் வடகிழக்கு மூலையில் உள்ள போர்ட் அன்டோனியோ இந்த வாணிகத்தின் தலைநகரமானது. 1896ல் ரயில் அங்கே எட்டியது. அந்தத் துறையில் வாழை ஏற்றிய முறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விடுமுறைக்காரர் முதலில் கண்ட காட்சியே அதுதான். கப்பல் வந்துவிட்டது என்று தெரிந்ததும் சங்கு ஊதிச் சேதி பரவும். மலையிலிருந்து தார்கள் வெட்டப்பட்டு, கழுதை மீதும் தலைச்சுமையாகவும் வண்டியிலும் ரயிலிலும் துறைக்கு வரும். பழம் காத்திருக்காது என்பதால் இரவிலும் ஏற்றுவார்கள். பெண்கள்தாம் சுமந்தவர்களில் பெரும்பகுதி. தலையில் சும்மாடு, அதன்மேல் ஆள் பாரத்தில் பாதியளவு கனக்கும் பச்சைத் தார். மரப்பாலத்தின் தலைப்பில் கணக்கன் நிற்பான். ஒன்பது சீப்பு இருந்தால்தான் முழுத் தார். எட்டுச் சீப்புக்கு முக்கால், ஏழுக்கு அரை என்று விலை இறங்கும். தோட்டக்காரனுக்கு ஒரு சீப்பு குறைவது கால் பங்கு வருமானம் போவது. சுமப்பவளுக்குத் தார் கணக்கில் கூலி. அவள் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வில்லை கையில் விழும், விடிந்தபின் அதைக் காசாக மாற்ற வேண்டும். இந்த வேலையை மேல்தளத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பயணிகள் பார்த்தார்கள். சுமப்பவர்கள் களைப்புத் தெரியாமலிருக்கப் பாடிய பாட்டைக் கேட்டார்கள். வழிகாட்டி நூல்கள் இந்த வாழையேற்றத்தைத் தவறவிடக் கூடாத காட்சியாகச் சொல்லின. பிழைப்புக்காக ஒருத்தி இரவெல்லாம் சுமந்தது, இன்னொருவருக்கு ஊர் திரும்பிச் சொல்லும் நினைவானது. இந்தத் தொழிலின் வேரில் உள்ள உறவு இதுதான் என்று நினைக்கிறேன்.

கப்பலின் கணக்கு எளிது. வடக்கே போகும்போது அடிவயிறு நிறையப் பழம். தெற்கே திரும்பும்போது அதில் ஏற்றச் சரக்கு குறைவு. பழத்துக்கு வேகமும் காற்றோட்டமும் வேண்டும். வேகமும் காற்றோட்டமும் உள்ள கப்பல் பயணிக்கும் வசதி. ஆகவே பழக் கப்பலிலேயே அறைகள் கட்டி, குளிர்காலத்து வடக்கிலிருந்து ஆட்களை ஏற்றினார்கள். யுனைடெட் ஃப்ரூட் தன் கப்பல்களுக்கு வெள்ளைச் சாயம் பூசியது. வெயிலைத் திருப்பி அனுப்பிப் பழத்தைக் குளிர்ச்சியாக வைக்கும் என்ற கணக்கு. அந்த வெண்மையே பிறகு சொகுசுப் பயணத்தின் அடையாளமாக விளம்பரங்களில் ஏறியது. இறங்கியவர்கள் தங்க பேக்கர் போர்ட் அன்டோனியோவில் துறைமுகத்தைப் பார்த்த குன்றின்மேல் டிச்ஃபீல்ட் விடுதியை எழுப்பினார். பிரிட்டன் பக்கத்திலும் இதே கதை. எல்டர் டெம்ப்ஸ்டர் கப்பல் முதலாளி ஆல்ஃபிரட் ஜோன்ஸ் 1901ல் பிரிஸ்டலுக்கும் கிங்ஸ்டனுக்கும் இடையே ஒரு நேரடிக் கப்பல் சேவையைத் தொடங்கினார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 40,000 பவுன் மானியம். அதில் பாதியைக் கொடுத்தது ஜமைக்கா அரசு. கடிதம், வாழை, பயணி மூன்றையும் அந்த ஒரே ஒப்பந்தம் சுமந்தது. ஜோன்ஸ் கிங்ஸ்டனின் மர்ட்டில் பேங்க், கான்ஸ்டன்ட் ஸ்பிரிங் விடுதிகளைக் குத்தகைக்கு எடுத்தார். பழத்தை வாங்குகிறவரும் கப்பல் ஓட்டுகிறவரும் விடுதி நடத்துகிறவரும் ஒருவரே என்ற நிலை அட்லாண்டிக்கின் இரு கரையிலும் வந்துவிட்டது.

அரசு சும்மா இருக்கவில்லை. ஆளுநர் ஹென்றி பிளேக் காலத்தில், 1891ல், கிங்ஸ்டனில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் ஆன இளவரசர் வந்து திறந்துவைத்தார். கண்காட்சிக்கு வருகிறவர்கள் தங்க விடுதி இல்லையே என்று 1890ல் சட்டம் போட்டு, விடுதி கட்டுகிறவர்கள் வாங்கிய பணத்துக்கு அரசே உத்தரவாதம் கொடுத்தது. கண்காட்சி நட்டத்தில் முடிந்தது. அவசரமாகக் கட்டிய விடுதிகள் பலவும் தள்ளாடின. உத்தரவாதம் கொடுத்த அரசின் தலையில்தான் சுமை விழுந்தது. கண்காட்சி பெருமளவில் விட்டுச்சென்றது படங்களை. ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து வாலன்டைன் நிறுவனத்தார் வந்து தீவைப் படமெடுத்தார்கள். கிங்ஸ்டனின் டுபெர்லி குடும்பத்தார் ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரவுன்ஸ் டவுனில் மருத்துவராகவும் பாதிரியாராகவும் இருந்த ஜேம்ஸ் ஜான்ஸ்டன் மாய விளக்குப் படங்களோடு வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சுற்றி ஜமைக்காவைப் பற்றிப் பேசினார். 1903ல் அந்தத் தீவைப் புதிய ரிவியரா என்று அழைக்கும் நூலை வெளியிட்டார். இந்தப் படங்களில் எது இருந்தது, எது இல்லை என்று பார்த்தால் ஒரு தெரிவு புலப்படும். சீராக வளைந்த தென்னை வரிசை, தலைச்சுமையோடு சந்தைக்குப் போகும் பெண், துவைத்து வெளுத்த ஆடையில் தோட்ட ஆள், வளையலும் மூக்குத்தியுமாக நிற்கவைத்த இந்தியக் கூலிப் பெண். கலகத்துக்குப் பெயர்போன மக்கள் என்று பயந்த வடக்கத்தியரிடம், இவர்கள் அமைதியானவர்கள், உழைப்பாளிகள் என்று சொல்ல வேண்டியிருந்தது. மொரன்ட் பேயில் 1865ல் நடந்த எழுச்சியும் அதை நசுக்கிய கொடூரமும் இன்னும் பலர் நினைவில் இருந்த காலம் அது.

அந்தத் தென்னையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரீபியன் கரை என்றதும் கண்ணில் வரும் மரம் கொலம்பஸ் வந்தபோது அங்கே இல்லை. அட்லாண்டிக் பக்கத்துத் தென்னைகள் இந்தியப் பெருங்கடல் வம்சத்தவை என்று 2011ல் வெளியான மரபணு ஆய்வு உறுதிசெய்தது; போர்த்துகீசியரும் ஸ்பானியரும் ஆப்பிரிக்கக் கரை வழியாகக் கொண்டுபோனவை. நம் கரையோரத் தென்னைக்கும் அதற்கும் உறவு நிச்சயம். கரும்பு நியூகினியிலிருந்து புறப்பட்டது. வாழை 1516ல் கேனரித் தீவிலிருந்து தொமாஸ் தெ பெர்லாங்கா என்ற துறவியால் ஹிஸ்பானியோலாவுக்கு வந்தது. ஈரப்பலாவை 1793ல் கேப்டன் பிளை, அடிமைகளின் வயிற்றை மலிவாக நிரப்ப, டஹிட்டியிலிருந்து கொண்டுவந்தார். மாம்பழம் 1782ல் பிடிபட்ட பிரெஞ்சுக் கப்பலில் வந்து சேர்ந்தது. செம்மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது. விடுமுறை விளம்பரத்தில் இயற்கை என்று காட்டப்படும் பசுமையில் பெரும்பகுதி தோட்டக்காரனின் களஞ்சியத்திலிருந்து வந்தது என்பது இந்த வாதத்துக்கு முக்கியமான சான்று. 1960களில் கொடிய மஞ்சளிப்பு நோய் பரவி ஜமைக்காவின் உயரத் தென்னைகள் அழிந்தன. அவற்றின் இடத்தில் மலேயாக் குட்டை ரகமும், பிறகு மேபான் கலப்பினமும் நட்டார்கள். விளம்பரப் படத்தில் இருந்த மரம் கரையில் நிற்பதற்காகப் புதிதாக வளர்க்கப்பட்டது.

காய்ச்சல் பயம் எப்படித் தீர்ந்தது? மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கு 1897ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் ஆதாரம் கண்டார். மஞ்சள் காய்ச்சலைக் கொசுதான் பரப்புகிறது என்று கியூப மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881லேயே சொல்லியிருந்தார். 1900ல் வால்டர் ரீடின் குழு ஹவானாவில் அதை நிரூபித்தது. இந்த உண்மை தெரிந்ததும் வலைத் திரையும் வடிகாலும் குழாய்த் தண்ணீரும் விடுதியின் விளம்பர வரிகளாயின. ஆனால் சுத்தம் எங்கே வந்தது என்று பார்க்க வேண்டும். துறைமுகத்துக்கும் விடுதியைச் சுற்றிய தெருக்களுக்கும் முதலில் வந்தது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. 1907 ஜனவரி 14ல் கிங்ஸ்டனை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள், மர்ட்டில் பேங்க் இடிந்தது. ஜோன்ஸ் அப்போது விருந்தினர் கூட்டத்தோடு தீவில்தான் இருந்தார். அந்த விடுதி மறுபடியும் எழுந்து, பிறகு யுனைடெட் ஃப்ரூட்டின் கைக்குப் போனது.

இத்தனைக்குப் பிறகும் கடற்கரைக் குளியல் முக்கியமாகவில்லை. முதல் தலைமுறை விடுமுறைக்காரர் திண்ணைக்காகவும் மலைச் சாரலுக்காகவும் வந்தவர்கள். வெயில் படாமல் இருப்பதே அவர்களின் நாகரிகம். மாற்றம் வடமேற்குக் கரையில் தொடங்கியது. மான்டிகோ பேயில் மருத்துவர் மக்காட்டி தனக்குச் சொந்தமான சிறு கடற்கரைத் துண்டை 1906ல் ஒரு குளியல் சங்கத்துக்குக் கொடுத்தார். ஒரு குகை வழியாகக் கடலுக்கு இறங்க வேண்டியிருந்ததால் அதற்கு டாக்டர்ஸ் கேவ் என்று பெயர். 1920களில் எலும்பு முறிவு வைத்தியத்தால் புகழ்பெற்ற ஹெர்பர்ட் பார்க்கர் அங்கே குளித்து, அந்த நீருக்குக் குணமாக்கும் சக்தி உண்டென்று எழுதினார். அதன்பின் மான்டிகோ பேயில் விடுதிகள் பெருகின. வெயிலில் கருத்துத் திரும்புவது வடக்கத்தியருக்குப் பெருமையான காலமும் அதுவே. தோட்டக்காலத்தில் சர்க்கரைப் பீப்பாயை உருட்டிப் படகேற்றும் மேடையாக மட்டுமே இருந்த கடற்கரை, விலையுள்ள நிலமாகியது. அப்போது அந்த நிலம் யார் கையில் இருந்தது? பெரும் பகுதி, மலையிலிருந்து கடல்வரை நீண்ட பழைய தோட்டங்களின் கையில். டிரையல் என்ற கரும்புத் தோட்டத்தின் பெரிய வீடு விடுதியாயிற்று. 1953ல் ஜான் பிரிங்கிள் ரவுண்ட் ஹில் விடுதியைத் திறந்தார். 18ஆம் நூற்றாண்டு ரோஸ் ஹால் மாளிகை புதுப்பிக்கப்பட்டு, சுற்றிலும் விடுதிகளும் கோல்ஃப் மைதானமும் வந்தன. தோட்டத்தின் எல்லைக் கல்லே விடுதியின் எல்லைச் சுவராயிற்று. நிலம் கை மாறினாலும் துண்டாகவில்லை.

அந்த எல்லைக்குள் யார் வரலாம் என்ற கேள்வி 1948ல் கிங்ஸ்டனில் வெளிப்படையாக வெடித்தது. மர்ட்டில் பேங்கின் நீச்சல் குளத்தில் கருப்பர்கள் இறங்குவதில்லை. எழுதிய சட்டம் தேவைப்படாத வழக்கம். ஜமைக்கப் பத்திரிகையாளர் எவான் பிளேக் ஒருநாள் உள்ளே நடந்துபோய் உடையைக் களைந்து குளத்தில் குதித்தார். வெள்ளை விருந்தினர்கள் வெளியேறினார்கள், விடுதி ஊழியர்கள் சத்தமிட்டார்கள், அவர் நீந்திக்கொண்டிருந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் ஃப்ரோம் கரும்பாலையில் கூலிக்காகக் கிளர்ந்த தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்து, தீவு முழுவதும் வேலைநிறுத்தம் பரவி, வயது வந்தோர் அனைவருக்கும் 1944ல் வாக்குரிமை கிடைத்திருந்தது. வாக்குச்சாவடிக்குள் நுழைந்த பெரும்பான்மை நீச்சல் குளத்துக்குள் நுழைய இன்னும் ஒருவர் குதிக்க வேண்டியிருந்தது. அந்தக் குளத்தைக் குறுகிய மனம் படைத்த ஒரு விடுதிக்காரரின் பிழையாகப் பார்த்துக் கடந்துவிட முடியாது. நிறத்தால் பிரித்த தோட்டச் சமூகத்தை அப்படியே காட்டுவதையே, வருகிறவருக்கான சேவையாக அந்தத் தொழில் நாற்பது ஆண்டுகளாக விற்றிருந்தது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. எந்தப் புதுத் தொழிலும் முந்தைய தொழிலின் பாதையையும் துறைமுகத்தையும்தானே பயன்படுத்தும், இதில் குறைசொல்ல என்ன என்று கேட்கலாம். துறைமுகத்தைப் பயன்படுத்தியது குறையே அல்ல. அதோடு சேர்ந்து வந்த ஏற்பாடுகளைத்தான் சொல்கிறேன். வேலைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பு வெட்டு ஏறத்தாழ ஜனவரியில் தொடங்கி ஜூன் வரை. அதன்பின் வேலையில்லாப் பாதியாண்டு. சுற்றுலாப் பருவம் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை. பிறகு புயற்காலம், விருந்தினர் குறைவு, ஆட்குறைப்பு. தீவுக்கு எப்போது போனால் கட்டணம் குறையும் என்று பார்க்கும் பயணி ஜூனிலிருந்து நவம்பர் வரையிலான மாதங்களைக் காண்பார். அந்தத் தள்ளுபடிக்கு மறுபக்கம், சம்பளமில்லாமல் காத்திருக்கும் அறைப் பணியாளர். முதலீடு வெளியிலிருந்து வந்தது, லாபம் வெளியே போனது, உணவுகூடக் கப்பலில் வந்தது. பெருந்தோட்டம் உப்புக்கருவாட்டை வடக்கிலிருந்து இறக்கியதும் இப்படித்தான்.

மூன்றாவது மறுப்பை ஜமைக்கர்களே சொல்கிறார்கள், அதை மதிக்க வேண்டும். 1962 ஆகஸ்ட் 6ல் விடுதலை பெற்ற நாடு இந்தத் தொழிலைத் தானே தேர்ந்தெடுத்தது. 1955ல் அமைந்த சுற்றுலா வாரியத்தின் முதல் தலைவர் ஏப் இஸா தீவின் வணிகர். எல்லாம் அடங்கிய கட்டணத்தில் சுவருக்குள்ளேயே விடுமுறையை முடிக்கும் விடுதி முறையை உலகப் புகழுக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் ஜான் இஸாவும், 1981ல் மான்டிகோ பேயில் சான்டல்ஸ் விடுதியைத் தொடங்கிய புட்ச் ஸ்டூவர்ட்டும். கியூபாவில் 1959 புரட்சிக்குப் பின் அமெரிக்கர் ஹவானாவை விட்டு விலகியபோது வந்த கூட்டத்துக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தது ஜமைக்கத் தொழிலாளர் கை. 2019ல் கப்பலிலும் விமானத்திலும் சேர்த்து 40 லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். தீவின் மக்கள் தொகை 30 லட்சத்துக்கும் குறைவு. இந்த வருமானம் இல்லாமல் அந்த நாடு நிற்பது கடினம் என்பதை நான் மறுக்கவில்லை. முதலாளி உள்ளூர்க்காரர் ஆனது பெரிய மாற்றம். ஆனாலும் விடுதியின் வடிவம் அப்படியே இருந்தது. 1970களில் அரசியல் வன்முறைச் செய்திகளால் பயந்த பயணியை, வெளியே போகாமலே எல்லாம் கிடைக்கும் என்று சுவருக்குள் வைத்துக் காப்பாற்றியது இந்த முறை. அதனால் வாசலுக்கு வெளியே இருந்த சாப்பாட்டுக் கடைக்காரரும் படகோட்டியும் கைவினைப் பொருள் விற்பவரும் பயணியின் கண்ணிலிருந்து மறைந்தார்கள். உள்ளூர் முதலாளியும் கடலோரத்தில் சுவர்தான் கட்டினார்.

அது தவிர்க்க முடியாத விதி என்று சொல்பவருக்குப் பக்கத்துத் தீவுகளே பதில். பார்படோஸும் சர்க்கரையிலேயே வளர்ந்த தீவு. 1887லேயே கிரேன் விடுதி இருந்தது. ஆனால் அங்கே கடற்கரை யாருக்கும் தனிச்சொத்து அல்ல, விடுதியின் முன்னாலும் ஊர்க்காரர் குளிக்கலாம். குவாதலூப்பிலும் மார்ட்டினிக்கிலும் பிரெஞ்சு அரசு 17ஆம் நூற்றாண்டிலேயே கடலோரத்தில் ஐம்பது தப்படி அகலப் பட்டையை, சுமார் 81 மீட்டர், பாதுகாப்புக்காக அரசனுடையதாக ஒதுக்கியது. இன்று அதன் பெரும்பகுதி பொதுச் சொத்து. 1850களிலிருந்து புதுச்சேரி, காரைக்காலில் கப்பலேறி வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் அந்தக் கரையில் இன்று யாரையும் கேட்காமல் நடக்கலாம். அடிமைமுறை, கரும்பு, கூலிக் கப்பல் மூன்றும் எல்லாத் தீவுக்கும் பொது. ஆகவே கடற்கரைக்கு வேலி போட்டதை வரலாற்றின் தலையில் முழுவதும் கட்டிவிட முடியாது. எங்கே சட்டம் முன்கூட்டியே கரையைக் காத்ததோ அங்கே விடுதி ஒதுங்கி நின்றது.

ஜமைக்காவில் சட்டம் நேர்மாறாக அமைந்தது. விடுதலைக்கு ஆறு ஆண்டு முன், 1956ல், நிறைவேறிய கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம், கரையோர நிலத்தின் உரிமையை அரசிடம் வைத்து, அதைப் பயன்படுத்த உரிமம் கொடுக்கும் முறையை உண்டாக்கியது; பொதுமக்களுக்குக் கடலில் குளிக்கவும் கரையில் நடக்கவும் பொதுவான உரிமை எதையும் அது கொடுக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் மீனவர்களும் கரையோர ஊர்க்காரர்களும் கடற்கரை உரிமைக்காக அமைப்பாகத் திரண்டு, அடைக்கப்பட்ட கரைகளுக்காக நீதிமன்றம் போயிருக்கிறார்கள். அவர்கள் கையில் எடுத்த ஆயுதம் 1956ஐவிடப் பழையது: 1882ன் அனுபோகச் சட்டம். ஒரு கரையைப் பொதுமக்கள் இருபது ஆண்டுகள் தடையின்றி மீன்பிடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்தியிருந்தால் அதைத் தொடரும் உரிமை உண்டு என்கிறது அது. வாழைக் கப்பலுக்கு இன்னும் விடுதி கட்டப்படாத நாளில் எழுதிய அந்த விதியைக் கொண்டு வாதாட வேண்டுமானால் சாட்சி வேண்டும்; எந்தத் துறையில் எந்தக் குடும்பம் வலை உலர்த்தியது, எந்த வழியில் ஞாயிற்றுக்கிழமை குளிக்க இறங்கினார்கள் என்று வயதானவர்கள் சொல்ல வேண்டும். தீவின் சுற்றுலா வரலாற்றில் எந்த விளம்பரத்திலும் எழுதப்படாத பகுதியை அவர்கள் நினைவிலிருந்து எடுத்து ஆவணமாக்க வேண்டியிருக்கிறது. அந்த முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அது நடந்தாக வேண்டும்.